கொட்டகைக் காற்றில் பாக்டீரியா: எண்ணிக்கையைவிடத் தூசி முக்கியம்

கால்நடைக் கொட்டகைகளின் காற்றை மாதிரி எடுத்துச் சோதிப்பது என் வேலையின் ஒரு பகுதி. சோதனை முடிவைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரே எண்ணைத்தான்: ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை பாக்டீரியா இருக்கின்றன என்பது. அது பெரிதாக இருந்துவிட்டால், எந்த மருந்தைத் தெளித்தால் குறையும் என்று உடனே கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் கொட்டகைக் காற்றைப் பொறுத்தவரை இரண்டுமே கவனத்தைப் பிசகான இடத்துக்குக் கொண்டுபோகின்றன என்பது இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. காற்றில் மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தூசிதான் வாகனம். அந்த வாகனத்தில் ஏறியது செத்துப்போன பின்னும் நுரையீரலைத் தொந்தரவு செய்யக்கூடியது. இவ்விரண்டையும் மறந்துவிட்டுக் காற்றைக் கிருமிநீக்கம் செய்யப் புறப்பட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் செலவுதான்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். திறந்த வெளிக் காற்றில், அருகில் பெரிய மூலம் எதுவும் இல்லாதபோது, கன மீட்டருக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை வளரக்கூடிய பாக்டீரியா இருக்கும். மாட்டுக் கொட்டகையில் இது பொதுவாகப் பத்தாயிரங்களில் நிற்கும். பன்றிக் கொட்டகையில் லட்சத்தைத் தொடும், பல சமயம் தாண்டும். ஆழ்கூள முறையில் கறிக்கோழி வளர்க்கும் கொட்டகையில் 10 லட்சத்தைக் கடப்பது அரிதல்ல. இங்கிலாந்து, நெதர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளின் கொட்டகைகளில் அளந்து 1998-இல் வெளியிட்ட விரிவான ஆய்விலும் கோழி முதலிலும் பன்றி அடுத்தும் மாடு கடைசியிலுமாக இதே வரிசைதான் வந்தது.

இந்த வரிசைக்குக் காரணம் விலங்குகளின் சுத்தம் அல்ல. மாட்டுக் கொட்டகை பெரும்பாலும் பக்கம் திறந்தது. ஒரு மாட்டுக்குக் கிடைக்கும் காற்றின் கன அளவு அதிகம். பசுந்தீவனமும் ஊறுகாய்ப் புல்லும் ஈரமானவை என்பதால் அவற்றிலிருந்து தூசி எழுவதும் குறைவு. பன்றிகள் உலர்ந்த தீவனத்தைத் தின்கின்றன, ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன, அவற்றின் தோல் செதில் செதிலாக உதிர்கிறது. கோழியோ தன் எச்சமும் இறகுத் துணுக்கும் கலந்த கூளத்தின் மேலேயே வாழ்ந்து, அதையே கிளறி, அதிலேயே புழுதிக் குளியல் போடுகிறது. முட்டைக் கோழிகளைக் கூண்டிலிருந்து விடுவித்துக் கூளத்தில் உலவவிடும் முறை அவற்றின் இயல்புக்கு ஏற்றது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே முறையில் கொட்டகைத் தூசி கூடுகிறது என்பதையும், அந்தத் தூசியை அங்கே வேலை செய்கிறவரும் சேர்ந்தே சுவாசிக்கிறார் என்பதையும் அந்த மாற்றத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் சொல்லிவிட்டால் நல்லது.

தீவனம் போடும் நேரத்தில் கொட்டகையின் கூரை இடுக்கு வழியாக வெயில் கீற்று விழுந்தால், அதைச் சற்று நின்று பார்க்கலாம். கீற்றுக்குள் மட்டும் காற்று புகைபோலக் கெட்டியாகத் தெரியும். இறகின் சிறு பிசிறுகள் மெல்லச் சுழன்று இறங்கும். அவற்றுக்கு நடுவே, தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத மெல்லிய மூட்டம் ஒன்று அசையாமல் நிற்பதுபோல இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பிசிறுகள் மூக்கோடு நின்றுவிடும். கவலைப்பட வேண்டியது அந்த மூட்டத்துக்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள், தண்ணீரின் அடர்த்தி கொண்டதாக வைத்துக்கொண்டால், அசைவற்ற காற்றில் விநாடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மனிதன் மூச்சு விடும் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். அதே உயரத்திலிருந்து 1 மைக்ரோமீட்டர் துகள் இறங்க 12 மணி நேரம் வேண்டும். கொட்டகைக் காற்றோ ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை: விலங்குகளின் உடற்சூடு காற்றை மேலே தள்ளுகிறது, விசிறி பக்கவாட்டில் இழுக்கிறது, நடக்கும் ஒவ்வொரு காலும் படிந்ததைக் கிளப்புகிறது. எனவே நுண்துகள் நடைமுறையில் கீழே இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அது வெளியேற வேண்டும், அல்லது ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அல்லது யாருடைய நெஞ்சுக்குள்ளாவது போக வேண்டும். 10 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை தொண்டையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடியவை. ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை காற்று நுண்ணறைகள்வரை போய்ச் சேரக்கூடியவை.

பாக்டீரியா ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் அளவுடையது என்றாலும், கொட்டகைக் காற்றில் அது தனியாக மிதப்பது குறைவு. தோல் செதில், உலர்ந்து பொடிந்த சாணம், கோழி எச்சம், தீவன மாவு, வைக்கோல் துணுக்கு ஆகியவற்றின் மேல் கொத்தாகவோ ஒன்றிரண்டாகவோ ஒட்டியபடியே பயணம் செய்கிறது. இதனால் அதற்கு இரட்டை லாபம்: உலர்ந்துபோவதிலிருந்து ஓரளவு பாதுகாப்பும், புற ஊதாக் கதிரிலிருந்து சிறிது மறைப்பும் கிடைக்கின்றன. தூசியின் எடையை அளந்தாலே பாக்டீரியாவின் நிலைமை பாதி தெரிந்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த இனங்கள் என்று பார்த்தால், பாக்டீரியா வளர்வதற்கான அகார் என்ற ஊட்டக்கூழ் இட்ட சோதனைத் தட்டில் முளைப்பவற்றில் மிகப் பெரும்பான்மை தடித்த செல்சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் வகை: ஸ்டஃபைலோகாக்கஸ், மைக்ரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டெரோகாக்கஸ், பாசில்லஸ் போன்றவை. தோலிலும் குடலிலும் கூளத்திலும் சாதாரணமாக வாழ்பவை இவை. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகள் சாணத்தில் ஏராளமாக இருந்தும் காற்றுத் தட்டில் சொற்பமாகவே வரும், ஏனெனில் அவற்றின் மெல்லிய சுவர் காற்றில் உலர்வதைத் தாங்காது. இதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. நிம்மதிக்கு இடமில்லை, செத்த கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு, பாக்டீரியா இறந்தாலும் அழிவதில்லை. சாதாரணச் சூட்டுக்கும் உலர்தலுக்கும் அது அசையாது. தட்டில் பூஜ்யமாகத் தெரிகிற அதே இனம் நெஞ்சில் அழற்சியை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம்.

எண்டோடாக்சின் உள்ள தூசியை ஒரே நாளில் மிகுதியாகச் சுவாசித்தவருக்கு நடப்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த கதை. வேலை செய்யும்போது இருமலும் கண்ணெரிச்சலும் மட்டும் இருக்கும். வீடு திரும்பி, நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் நெஞ்சு இறுக்கமும் தொடங்கும்; ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். பூசணம் பிடித்த தானியத்தை அள்ளியபின், நெடுநாள் கிளறாத கூளத்தைக் கிளறியபின், கொட்டகையை உலர்ந்த நிலையில் பெருக்கியபின் இது வருகிறது. பெரும்பாலும் சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். மாறாக, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிக்கிறவருக்கு நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் நுரையீரல் திறன் குறைவும் வருகின்றன. நெதர்லாந்தின் சுகாதார ஆலோசனைக் குழு 2010-இல் எட்டு மணி நேர வேலைக்கு கன மீட்டருக்கு 90 எண்டோடாக்சின் அலகு என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. பன்றி, கோழிக் கொட்டகைகளில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அளவாகும் இடங்கள் ஏராளம் என்பதால், அந்த வரம்பு எவ்வளவு கடினமானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அளக்கும் கருவிக்கு வருகிறேன், ஏனெனில் எண்ணிக்கையை நம்புவதில் எனக்குள்ள தயக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. 1958-இல் ஆண்டர்சன் என்பவர் விவரித்த ஆறடுக்கு மாதிரிக்கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு உலோக அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 400 நுண்துளைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அகார் தட்டு. மேலடுக்கின் துளைகள் அகலமானவை. கீழே போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சும்போது பெரிய துகள்கள் மேல் தட்டிலும் சிறியவை கீழ்த் தட்டிலும் மோதி ஒட்டிக்கொள்ளும். நுரையீரலின் எந்த மட்டம்வரை எது போகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அடைகாப்புப் பெட்டியிலிருந்து தட்டை எடுத்துப் பார்த்தால், கருவியின் துளை அமைப்பு அப்படியே அகாரில் பதிந்ததுபோல, பாக்டீரியா பெருகி உண்டான திட்டுகளான காலனிகள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். அழகான கருவி. கோழிக் கொட்டகைக்கு மட்டும் ஆகாது.

ஏன் என்றால், கன மீட்டருக்கு 10 லட்சம் பாக்டீரியா உள்ள காற்றில் அது நிமிடத்துக்கு 28,300 பாக்டீரியாவை உள்ளே இழுக்கிறது. ஆறு தட்டுகளிலும் சேர்த்துத் துளைகளே 2,400-தான். அதாவது 5 விநாடியில் வந்து சேரும் எண்ணிக்கையே மொத்தத் துளைகளுக்குச் சமம். அதற்கு மேல் ஒரே துளைக்குக் கீழே பல விழுந்து ஒரே காலனியாக முளைக்கும். புள்ளியியல் திருத்த அட்டவணை உண்டு, ஆனால் எல்லாத் துளையும் நிரம்பிவிட்டால் அட்டவணையும் கைவிரித்துவிடும். அதே கருவி 10,000 உள்ள மாட்டுக் கொட்டகையில் நிமிடத்துக்கு 283 காலனி என்று மிக வசதியாக வேலை செய்யும். கோழிக் கொட்டகையில் காற்றைத் திரவத்திலோ வடிதாளிலோ பிடித்து, நீர்த்துத் தட்டில் இடுவதே சரி. இப்படி இருக்க, இரு கொட்டகைகளில் இரு கருவிகளால் எடுத்த எண்களை அருகருகே வைத்து ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் பழைய முறையைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் கனமான துகள்கள் விழும், நுண்துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். நெஞ்சுக்குள் போவது எதுவோ அதையே அது தவறவிடுகிறது. சுகாதாரப் பயிற்சியில் செய்து காட்டுவதற்கு நல்லது, அளப்பதற்கு உதவாது.

தட்டில் முளைப்பது மொத்தத்தில் சிறு பங்குதான் என்பது இன்னொரு சிக்கல். ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் எண்ணினாலோ, பி.சி.ஆர். மூலம் மரபணுவை அளந்தாலோ, தட்டு காட்டியதைப் போலப் பல மடங்கு செல்கள் இருப்பது தெரியவரும். சில உலர்ந்து இறந்தவை. சில மாதிரிக்கருவியின் வேகத்தில் அடிபட்டவை. சில நாம் கொடுத்த ஊடகத்திலும் வெப்பத்திலும் வளரவே மாட்டாதவை. இந்த மூன்றாம் வகை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பரவிய கியூ காய்ச்சலைவிடத் தெளிவான சான்று கிடையாது. காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா பால் ஆட்டுப் பண்ணைகளில் கருச்சிதைவை உண்டாக்கியது. நஞ்சுக்கொடியிலும் கருநீரிலும் பெருகியது. அவை கலந்து உலர்ந்த கூளத்தின் தூசியோடு காற்றில் ஏறியது. 4,000-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு நோய் பதிவானது. பாதித்த பண்ணைகளுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் வசித்தவர்களுக்கு, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிட ஆபத்து மிக அதிகமாக இருந்தது. கடைசியில் 50,000-க்கும் மேற்பட்ட சினை ஆடுகளைக் கொல்ல வேண்டிவந்தது. அந்தப் பாக்டீரியா உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் இனம். சாதாரண அகார் தட்டில் ஒரு காலனிகூடத் தராது. மிகச் சில துகள்களே ஒருவரை நோயில் தள்ளப் போதும். அந்தக் கொட்டகைகளில் யாராவது நம் வழக்கமான சோதனையைச் செய்திருந்தால், ஆபத்தின் சுவடே இல்லாத அறிக்கைதான் கிடைத்திருக்கும்.

கால்நடையோடு தொடர்புடைய எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெத்திசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பன்றிக் கொட்டகைகளின் காற்றில் அது அடிக்கடி கிடைக்கிறது; காற்று வீசும் திசையில் வெளியே 150 மீட்டர்வரை காற்றிலும், இன்னும் சற்றுத் தொலைவுவரை மண்ணிலும் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் தூரம் கூடக்கூடச் செறிவு சரசரவென்று குறைகிறது. கொட்டகைக்கு உள்ளே வேலை செய்பவரின் மூக்கில் அது குடியேறுவதுதான் பெரிய வழி. இந்த விஷயத்தில் அக்கம்பக்கத்தாரின் அச்சம் மிகையானது என்றும், உள்ளே வேலை செய்கிறவரின் அலட்சியம் அதைவிட மிகையானது என்றும் நினைக்கிறேன்.

ஒரே கொட்டகையில்கூட எண் நேரத்துக்கு நேரம் மாறும். விளக்கைப் போட்டதும், தீவனம் விழும் ஓசை கேட்டதும், யாராவது உள்ளே நடந்ததும் தூசி பல மடங்கு ஏறும். இரவில் விலங்குகள் படுத்தபின் இறங்கும். கறிக்கோழிக் கூட்டத்தில் குஞ்சுப் பருவத்தில் குறைவாக இருந்து, எடையும் எச்சமும் கூடக்கூட உயரும். குளிர்காலத்தில் சூட்டைக் காக்கக் காற்றோட்டத்தைக் குறைப்பதால் செறிவு கூடும். காலையில் தீவனத்துக்கு முன் எடுத்த மாதிரியையும் பின் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டு, இடையில் தெளித்த மருந்தைப் பாராட்டவோ திட்டவோ முடியாது.

மருந்து தெளிப்புக்கு வந்துவிட்டேன். விலங்குகள் உள்ளே இருக்கும்போது கிருமிநாசினியைப் பனிபோலத் தெளித்தால் காற்றில் கிருமி குறையும் என்று விற்கிறவர்கள் உறுதி சொல்வார்கள். தெளித்த சற்று நேரத்துக்கு எண் குறையவும் செய்யும். அதில் பெரும்பங்கு ஈரத்துளிகள் தூசியை நனைத்து இறக்குவதன் விளைவு, அதை வெறும் தண்ணீரே செய்யும். கிருமிநாசினிகளில் பல, சாணமும் மாவும் போன்ற கரிமப் பொருளோடு சேர்ந்தால் வலுவிழக்கும். காற்றிலுள்ளதைக் கொன்றாலும் எண்டோடாக்சின் அப்படியே இருக்கும். தூசியை உண்டாக்கும் தோலும் இறகும் கூளமும் அங்கேயே இருப்பதால் அடுத்த தீவன நேரத்துக்குள் பழைய நிலை திரும்பிவிடும். இதற்கிடையே விலங்கும் மனிதனும் அந்த வேதிப்பொருளையும் சேர்த்துச் சுவாசிக்கிறார்கள். கூட்டம் மாறும் இடைவெளியில், காலிக் கொட்டகையைக் கழுவி உலர்த்தியபின் செய்யும் கிருமிநீக்கம் வேறு; அது அவசியம். அப்போதும் உயரழுத்த நீரால் நேரடியாக அடித்தால் உலர்ந்த அழுக்கே நுண்துளியாகக் காற்றில் எழும் என்பதால், முதலில் நன்றாக ஊறவைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பலன் தருபவை எல்லாம் தூசியை எழவிடாத வழிகளே. தீவனத்தில் சிறிதளவு எண்ணெயோ கொழுப்போ சேர்த்தாலும், மாவுத் தீவனத்துக்குப் பதில் குருணை வடிவத்தில் கொடுத்தாலும் தூசி கண்ணெதிரே குறையும். தீவனம் விழும் உயரத்தைக் குறைத்து, குழாயின் வாயைத் தொட்டிக்கு அருகே நீட்டிவிடுவது செலவே இல்லாத திருத்தம். அதைச் செய்யாமல் விட்ட கொட்டகைகள்தான் அதிகம். பன்றிக் கொட்டகையில் தரையின் மேல் தாவர எண்ணெயை மிக மெல்லியதாகத் தெளிக்கும் முறையைச் சோதித்த ஆய்வுகளில் தூசி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது; தரை வழுக்காமலும் பரப்புகளில் பிசுக்கு சேராமலும் பார்த்துக்கொள்வதுதான் அதன் தொல்லை. கோழிக் கூளத்தில் ஈரம் 20 முதல் 25 விழுக்காடு இருப்பது நல்ல நடுநிலை. அதற்குக் கீழே போனால் புழுதி. மேலே ஏறி 35-ஐ நெருங்கினால் அம்மோனியா. அம்மோனியா தன் பங்குக்கு மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்மயிர்களை முடக்கி, உள்ளே விழுந்த தூசியை வெளியே தள்ளும் வேலையையே நிறுத்திவிடுகிறது. ஆகவே புழுதிக்குப் பயந்து கூளத்தை நனைத்துவிடுவதும் தீர்வாகாது.

காற்றோட்டத்தை அதிகமாக நம்புவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. வாயுக்களை வெளியேற்ற அது சிறந்தது. நுண்துகளையும் ஓரளவு வெளியேற்றும். ஆனால் விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தூசி பாதியாகிவிடும் என்ற கணக்கு கொட்டகையில் பலிப்பதில்லை. எழும் தூசியில் கணிசமான பங்கு வெளியேறுமுன் உத்திரத்திலும் கம்பிவலையிலும் சிலந்தி வலையிலும் படிந்துவிடுகிறது. காற்று வேகம் கூடினால் படிந்தது மறுபடி கிளம்பவும் செய்யும். உத்திரத்தின் மேல் விரலை ஓட்டினால் சாம்பல் நிற மென்பொடி நகத்தளவு கெட்டியாக எழும்பி வரும் கொட்டகையில், எவ்வளவு விசிறி ஓடினாலும் காற்று தெளியாது. அந்தப் பொடியை ஈரத்துணியாலோ உறிஞ்சு கருவியாலோ எடுப்பதே வழி. உலர்ந்த துடைப்பம் அதை மீண்டும் காற்றில் ஏற்றும்.

வைக்கோலும் உலர்புல்லும் தனி விவகாரம். ஈரம் சரியாக வற்றாமல் கட்டி அடுக்கிய புல்கட்டு உள்ளே சூடேறும். 50, 60 டிகிரி செல்சியஸில் வெப்பத்தை விரும்பும் ஆக்டினோமைசீட்டுகள் என்ற இழைவடிவப் பாக்டீரியா பெருகி, ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள வித்துகளைக் கோடிக்கணக்கில் உண்டாக்கும். கட்டைப் பிரித்து உதறும் நொடியில் எழும் வெண்புகை பெரும்பாலும் அந்த வித்துகளும் பூசண வித்துகளுமே. 1932-இல் மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்ட, உழவர் நுரையீரல் என்று அழைக்கப்படும் ஒவ்வாமை நோய்க்கு இவையே காரணம். இது எண்டோடாக்சின் காய்ச்சல்போல ஓரிரு நாளில் போய்விடும் சங்கதி அல்ல. தொடர்ந்தால் நுரையீரலில் நிலையான தழும்பு விழும். இந்நோய் உறுதியானவர் பூசணம் பிடித்த புல்லை இனித் தொடவே கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

எல்லாத் தூசியும் எல்லாருக்கும் கேடு என்று எழுதிவிட்டால் அதுவும் முழு உண்மையாகாது. அமெரிக்காவில் விவசாயம் செய்து வாழும் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு கிறிஸ்தவச் சமூகங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வில், மாட்டுத் தொழுவத்தோடு நெருங்கி வளரும் ஆமிஷ் குழந்தைகளின் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகமாக இருந்தும், ஆஸ்துமா 5 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. இயந்திரப் பண்ணை முறையில் வாழும் ஹட்டரைட் குழந்தைகளில் அது 21 விழுக்காடு. இளம் வயதில் கொஞ்சம் கொஞ்சமாக, பலவகை நுண்ணுயிரிகளோடு பழகுவது நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பக்குவப்படுத்துகிறது என்பதே இதன் விளக்கம். இதைச் சுட்டிக்காட்டி, கோழிக் கொட்டகையில் முழுநேரம் வேலை செய்பவருக்கு முகக்கவசம் வேண்டாம் என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உடலுழைப்பின்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால், எட்டு மணி நேரத்தில் ஒருவர் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். 10 லட்சம் கணக்கில் அது ஒரு நாளைக்கு ஒரு கோடி பாக்டீரியா, தட்டில் முளைக்காதவற்றை விட்டுவிட்டு. இந்த அளவும் வீட்டுத் தூசியில் புரளும் குழந்தை பெறும் அளவும் ஒன்றல்ல.

முகக்கவசம் என்றால் என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரம். துணியோ அறுவைச் சிகிச்சைக் கவசமோ நுண்துகளுக்குப் போதாது. விளிம்பு முகத்தோடு முழுவதும் ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. மூக்குக் கம்பியை இரு கையாலும் அழுத்தி வளைக்க வேண்டும். கூளம் கிளறும்போதும், புல்கட்டு பிரிக்கும்போதும், காலிக் கொட்டகையைக் கழுவும்போதும் அது கட்டாயம். மற்ற நேரங்களில் இயன்றவரை. கழற்றிய கவசத்தைக் கொட்டகைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படித் தொங்கும் கவசத்தின் உட்புறத்திலும் இரவு முழுதும் தூசி படிந்துகொண்டிருக்கும் என்பதால், மூடியுள்ள சுத்தமான பெட்டியில் போட்டு, கொட்டகைக்கு வெளியே வைக்க வேண்டும்.